எண்ணெய் போட வருகிறேன்

பைன் ஹார்பர், மிச்சிகன்
நவம்பர், திங்கட்கிழமை

அன்புள்ள லெனோருக்கு,

வெர்னா எழுதுவது. இங்கே நானும் என் காரும் என் கோபமும் நலம். அங்கே நெப்ராஸ்காவில் நீயும் உன் இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

பனி வந்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை மான் வேட்டை ஆரம்பம் என்பதால் பள்ளிக்கூடத்துக்கு வழக்கம்போல விடுமுறை விட்டாயிற்று. எங்கள் இரும்புக் கடையில் திருவிழாக் கூட்டம். ஆணி வாங்க வருகிறவனும் துப்பாக்கி மாட்டியிருக்கும் சுவருக்கு முன்னால் ஒரு தரம் நின்று பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் போகிறான். தேவாலயத்தில் நீ விட்டுப்போன ஆர்கனை இப்போது ஒரு சின்னப் பெண் வாசிக்கிறாள். பின்னால் நாய் துரத்துவது போல வாசிக்கிறாள். நாங்கள் இரண்டாவது அடி பாடும்போது அவள் நாலாவது அடியில் போய் எங்களுக்காகக் காத்திருக்கிறாள். நீ இருந்திருந்தால் கண்ணாலேயே அவளை மெதுவாக்கியிருப்பாய்.

உன் கடிதம் போன வாரம் கடைக்கு வந்தது. கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே பிரித்தேன். நீ கைத்துப்பாக்கி ஒன்று வாங்கியிருப்பதாக முதல் வரியிலேயே இருந்ததைப் பார்த்து உரக்கச் சிரித்துவிட்டேன். முதலாளி கிளைடு எட்டிப் பார்த்து, "என்ன, லாட்டரி விழுந்திடுச்சா?" என்றார். "இல்ல, லெனோர் துப்பாக்கி வாங்கிட்டாளாம்" என்றேன். "எந்த லெனோர், நம்ம பாட்டு டீச்சரா? அப்ப உலகம் அழியப் போகுது. நான் போய் ரொட்டி வாங்கி வெச்சுக்கிறேன்" என்றார்.

சிரிக்காமல் என்ன செய்வது? இந்த ஊரிலேயே உன் வீடு ஒன்றில்தான் வாசலில் பூட்ஸோடு துப்பாக்கியையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வர வேண்டியிருந்தது. பாவம் உன் புருஷன் வெண்டல். அவன் கொண்டுவந்த மான் உன் அடுப்படி வரை வரலாம், மானைச் சுட்டது வரக்கூடாது. நான் இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, "கையைக் கழுவிட்டு வந்து மேசையில உக்காரு" என்று சொன்னவள்தானே நீ.

கடிதத்தைப் படித்து முடித்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். கடைக்காரன் காதுக்கவசம், கண்ணாடி, துடைக்கும் சாமான் என்று ஒவ்வொன்றாக உன் தலையில் கட்டப் பார்த்தானென்றும், எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இருப்பதிலேயே சின்னத் தோட்டாப் பெட்டி ஒன்றை மட்டும் வாங்கி வந்ததாகவும் எழுதியிருக்கிறாய். நான் செய்தது சரிதானே வெர்னா என்று கேட்டிருக்கிறாய். சரியில்லை. முதல் துப்பாக்கி வாங்குகிறவர்களுக்குத் துப்பாக்கியைவிட மற்ற சாமான்தான் முக்கியம். அதையெல்லாம் இந்தப் பார்சலில் நானே அனுப்பியிருக்கிறேன்.

பச்சை நிறத்தில் இருப்பது காதுக்கவசம். போடும்போது தோடு, தொப்பி எதுவும் இருக்கக் கூடாது. நம் ஆட்கள் கம்பளித் தொப்பிக்கு மேலேயே இதை மாட்டிக்கொண்டு சுட்டுவிட்டு, "காது ஙொய்னு கத்துது, உங்க சாமான் சரியில்ல" என்று திருப்பிக் கொடுக்க வருவார்கள். தொப்பியைக் கழற்றுங்கள் என்றால் தலை குளிருமாம். உன் காது பாட்டுக்காரியின் காது. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

கண்ணாடி உன் மூக்குக்குச் சரியாக இருக்கும், பழைய அளவு எனக்கு நினைவிருக்கிறது. கூடவே கழுத்து மூடிய சட்டை ஒன்று வேண்டும். போன கோடையில் பாஸ்டர் மனைவி மார்னி துப்பாக்கி பழக வந்தாள். கழுத்து இறங்கிய பூப்போட்ட சட்டை. சொன்னேன், கேட்கவில்லை. சுட்டதும் வெளியே தெறிக்கிற பித்தளைக் குப்பி சுடச்சுட இருக்கும் இல்லையா, அது நேரே அவள் சட்டைக்குள் போய்விட்டது. அவளைப் பாராட்ட வேண்டும். துப்பாக்கியை மெதுவாக மேசையில் வைத்தாள், அதன் வாயை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தாள், அப்புறம்தான் குதித்தாள். "கர்த்தரே, எடுங்க! கர்த்தரே, எடுங்க!" என்று அவள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து பாஸ்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். கர்த்தருக்கு அன்று வேறு வேலை இருந்ததால் நான்தான் எடுத்தேன்.

டப்பாவில் இருப்பது துடைக்கும் சாமான். மெல்லிய கம்பி, தூரிகை, துணித்துண்டுகள், எண்ணெய். புதிதாக வாங்குகிறவர்கள் எல்லாரும் எண்ணெயில்தான் கோட்டை விடுவார்கள். ஏரிக்கரை ஹார்லன் ஒரு நாள் துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, "இது ஒழுகுது, மாத்திக் குடு" என்றான். துப்பாக்கி எப்படி ஒழுகும்? வாணலியில் ஊற்றுவது போல ஊற்றியிருக்கிறான். துணியில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தால் போதும்.

கடைசியாக, அடியில் இருக்கும் இரும்புப் பெட்டி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

லெனோர், இத்தனை வருஷமாக இந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்று நான் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன். முதல் துப்பாக்கி வாங்குகிறவர்கள் தேவைக்கு மேலே வாங்குவார்கள். உறை, பை, விளக்கு, குறி பார்த்துப் பழகுகிற காகிதம், பேர் பொறித்த தொப்பி என்று அள்ளிக்கொண்டு போவார்கள். வீட்டுக்காரி திட்டுவாள் என்று பாதியைக் காரிலேயே ஒளித்து வைப்பார்கள். நாங்கள் கேலி செய்வோம். ஆனால் அவர்களைப் பார்த்தால் எனக்கு மனதுக்குள் நிம்மதி. காதை மூடிக்கொள்கிறவனுக்கு நாளைக்கும் கேட்க வேண்டியது இருக்கிறது. துடைக்கும் சாமான் வாங்குகிறவன் அடுத்த வாரமும் அதைத் துடைக்கப் போகிறான். எதுவும் வேண்டாம், சின்னத் தோட்டாப் பெட்டி போதும் என்று சொல்கிற ஆள் வந்தால் கிளைடு என்னைப் பார்ப்பார், நான் கிளைடைப் பார்ப்பேன். அன்றைக்கு எங்கள் கடையில் ஏதோ ஒரு இயந்திரம் பழுதாகிவிடும், பில் போட முடியாமல் போய்விடும். நான் காப்பி போட்டு அவரை உட்கார வைத்துப் பேசிக்கொண்டே இருப்பேன்.

அந்தக் கடைக்காரன் உனக்குக் காப்பி போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

கோழிகளை நரி தூக்கிக்கொண்டு போகிறது, அதற்காகத்தான் வாங்கினேன் என்கிறாய். நரிக்கு யாரும் கைத்துப்பாக்கி வாங்குவதில்லை, அது தூரத்தில் நிற்கிற பிராணி. சரி, உனக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் செப்டம்பரில் நீ எழுதிய கடிதம் என் சமையலறை இழுப்பறையில் இருக்கிறது. கோழிகளை எல்லாம் பக்கத்துப் பண்ணை டெல்பர்ட்டுக்குக் கொடுத்துவிட்டதாக அதில் எழுதியிருக்கிறாய். தீனி போட எழுந்திருக்கவே தோன்றவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். இல்லாத கோழியை எந்த நரி தூக்கும்?

நேற்று போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்கேன், அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டாய். நீ பால் குடிக்க மாட்டாய். எட்டாம் வகுப்பிலிருந்து உன்னைத் தெரியும் எனக்கு. உனக்கு வாயில் பொய் வரும், எழுத்தில் நிற்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

ரெய்னோ இறந்த வாரம் உனக்கு நினைவிருக்கிறதா? என் புருஷனைக் காட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, அடக்கமும் முடிந்து, பலகாரம் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போன பிறகு நீயும் வெண்டலும் வந்தீர்கள். நீ ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி கொண்டு வந்தாய். சாப்பிட்டு முடித்ததும் கையைப் பிசைந்துகொண்டு, "வெர்னா, ரெய்னோவோட துப்பாக்கியெல்லாம் சும்மா கிடந்தா துருப்பிடிக்குமாம். வெண்டல் எண்ணெய் போட்டுத் தர்றேங்கறான்" என்று சொன்னாய்.

ஊருக்கே துப்பாக்கிக்கு எண்ணெய் போடுகிறவள் நான். என்னிடம் வந்து சொல்கிறாய்.

நம் ஊர் வழக்கம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வீட்டில் இடி விழுந்தால் அக்கம்பக்கத்தார் ரொட்டியோடு வருவார்கள், போகும்போது எண்ணெய் போடுகிறோம் என்று துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு போவார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. வெண்டல் பெரியதையெல்லாம் தோளில் போட்டுக்கொண்டான். ரெய்னோவின் சின்னத் துப்பாக்கியை நீ போர்வையில் சுற்றி, ஈரம் பண்ணிய குழந்தையை எடுத்துப்போவது போல உடம்பில் படாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பனியில் நடந்து போனாய். "நல்லாப் போடச் சொல்லு" என்று வாசலிலிருந்து கத்தினேன். இரண்டு பனிக்காலம் உன் கட்டிலுக்கு அடியில் அவற்றை வைத்துப் படுத்திருந்தாயாமே. பூட்ஸோடு வாசலில் நிற்க வேண்டியவை. அந்த இரண்டு பனிக்காலத்தில் அவை என் வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உனக்கும் சொன்னதில்லை, நன்றியும் சொன்னதில்லை.

வெண்டல் இறந்தபோது உன் வீட்டுக்கும் வந்திருப்போம். ஆனால் நீ அவன் துப்பாக்கிகளை ஒரே வாரத்தில் கடைக்கு விற்றுவிட்டு, உன் அக்கா விட்டுப்போன அந்த நெப்ராஸ்கா வீட்டுக்குப் போய்விட்டாய். உன் வீட்டில்தான் எதுவும் இல்லையே என்று நாங்கள் எல்லாரும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

வழக்கத்தில் இல்லாததை இப்போது நான் கேட்கிறேன். லெனோர், உன்னை நீயே ஏதாவது செய்துகொள்ள நினைத்துத்தான் அதை வாங்கினாயா? இல்லை என்றால் என்னைப் பைத்தியக்காரி என்று திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆமாம் என்றாலும் எனக்கு உன்மேல் கோபம் வராது. எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது இரும்புப் பெட்டிக்கு வருகிறேன். துப்பாக்கியையும் அந்தச் சின்னத் தோட்டாப் பெட்டியையும் அதில் வைத்து மூடியை அழுத்து. சாவி இல்லாமலேயே பூட்டிக்கொள்ளும், சாவி இல்லாமல் திறக்காது. பார்சலில் சாவியைத் தேடாதே. இரண்டு சாவியும் என் கழுத்துச் சங்கிலியில், ரெய்னோவின் மோதிரத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

பார்சல் விரைவு அஞ்சலில் போகிறது, புதன்கிழமை உன் கையில் இருக்கும். நாளைக்குக் காருக்குப் பனிச்சக்கரம் மாட்டுகிறார்கள், புதன் காலை நான் கிளம்புகிறேன். வியாழன் மாலை உன் வீட்டில் இருப்பேன். வேட்டை ஆரம்ப நாளில் நான் கடையில் இல்லாதது இதுதான் முதல் தடவை. கிளைடிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போய், லெனோர் வீட்டில் ஒரு துப்பாக்கிக்கு எண்ணெய் போட வேண்டியிருக்கிறது என்றேன். "நீ போம்மா. மான் எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். உனக்குக் கொடுக்கச் சொல்லிக் காய்ந்த மான் கறி ஒரு பொட்டலமும் தந்திருக்கிறார்.

அதுவரை தினமும் சாயங்காலம் போன் செய்வேன். பால் பொங்கினாலும் எடு. நான் வருகிற வரை ஒவ்வொரு வேளையும் ஏதாவது சாப்பிடு. உன்னிடம் நான் இதுவரை பெரிதாக எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன், தட்டாதே. வியாழக்கிழமை நான் கதவைத் தட்டும்போது நீ வந்து திற.

என்றும் உன்,
வெர்னா

•

வியாழக்கிழமை, பிற்பகல்
(சமையலறைக் கதவில்)

வெர்னா,

முதலில் மூச்சு விடு.

கதவில் கடிதம் தொங்குவதைப் பார்த்ததும் உன் முகம் எப்படி ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் நன்றாக இருக்கிறேன். டெல்பர்ட் வீட்டுக்குப் போயிருக்கிறேன். கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு படி. அடுப்பில் சூப் இருக்கிறது.

பார்சல் நேற்று வந்தது. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். என் கோழிக் கணக்கைப் பார்க்க நீ யார், என் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு வேவு பார்க்கிறாயா என்று தனியாகவே கத்தினேன். நீ திட்டச் சொன்னதால் ஒரு தரம் திட்டியும் விட்டேன். அப்புறம் கோபத்திலேயே அந்தப் பச்சைக் காதுக்கவசத்தை எடுத்து மாட்டினேன். தோட்டைக் கழற்றிவிட்டுத்தான்.

மாட்டியதும் காற்று நின்றது, குளிர்பெட்டியின் இரைச்சல் நின்றது. தொண்டையைச் செருமினேன். அது தலைக்குள்ளேயே பெரிதாகக் கேட்டது. சும்மா முனகிப் பார்த்தேன் வெர்னா. வெண்டல் போனதிலிருந்து நான் ஒரு ஸ்வரம்கூடப் பாடவில்லை, உனக்குத் தெரியாது. முனகலில் நம் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பாட்டில் நான் பாடுகிற கீழ்க்குரல் தானாக வந்தது. அது எனக்குள்ளே அவ்வளவு நிறைவாகக் கேட்டது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் முனகி முடித்தேன். அதற்குப் பிறகு அழுதேன். அப்புறம் கிளைடு தந்த கறியைத் தேடினேன், அது உன்னோடு வருகிறது என்பது நினைவுக்கு வந்து ஏமாந்தேன். பசித்திருக்கிறது, பார்.

நீ கேட்டாய். ஆமாம். கடையில் சாமான் வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கு அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்படியும் உனக்கு ஏன் எழுதினேன், சரிதானே என்று ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. நீ சரியில்லை என்று சொல்வாய் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

பெட்டியை மூடிவிட்டேன். ஆனால் அது அலமாரியில் இருப்பது பிடிக்கவில்லை. இன்று காலை டெல்பர்ட் பனி தள்ள வந்தார். அவருக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும், பன்றி ஈன்றதிலிருந்து ஆரம்பிப்பார். நான் பெட்டியை நீட்டி, "இதுக்குக் கொஞ்சம் எண்ணெய் போடணும், வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் பெட்டியைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பன்றிக் கதையை ஆரம்பிக்காமலேயே பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். "போட்டுடலாம் டீச்சர். இது நிறைய எண்ணெய் குடிக்கும் போலிருக்கு. பனிக்காலம் முடியிற வரைக்கும் ஆகும்" என்றார். பூட்டிய பெட்டிக்குள் எப்படி எண்ணெய் போடுவீர்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்த ஊரிலும் உங்கள் ஆட்கள் இருக்கிறார்கள் வெர்னா.

போனவர் அரை மணி நேரத்தில் அந்தச் சூப்போடு திரும்பி வந்தார். திங்கட்கிழமை டவுன் டாக்டரிடம் போக வேண்டியிருக்கிறது என்றேன், வண்டி எடுக்கிறேன் என்றார். நீயும் கூட வா, தனியாக அந்த நாற்காலியில் உட்கார எனக்குத் தைரியம் போதாது. கோழிகளை நான் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். "அதுங்க உங்க பேச்சைத்தான் கேக்குது, என் பேச்சை மதிக்கிறதே இல்ல" என்று குறைப்பட்டுக்கொண்டார். நாளைக்காலை தீனி போட யாராவது எழுந்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டால் நல்லது என்று எனக்கும் தோன்றியது.

சாவி உன் கழுத்திலேயே இருக்கட்டும். சூப்பைக் கிளறிவிடு, அடிபிடிக்கும். பின்கட்டில் கூட்டின் கதவைத் திறந்து வை.

கோழிகளைக் கூட்டி வரத்தான் கிளம்புகிறேன். கதவைத் தட்டும்போது திற என்றாயே, இந்தத் தடவை நீ எனக்குத் திற.

போய் வருகிறேன்.

லெனோர்